லினக்ஸ் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தம் போடுவது எப்படி: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருக்கு தம்பி, அதை ஏன் நோண்டணும்?”

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், லினக்ஸ் போட்ட கணினி வைத்திருக்கும் கடையில் அப்டேட் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பவர் மேல் குற்றமில்லை. மீன் வியாபாரியின் வரவு செலவு, ஐஸ் பிளான்ட் ரசீது, சங்கத்தின் பதிவேடு என்று எல்லாமே அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. ஓடுகிற ஒன்றைத் தொட்டு அது நின்றுவிட்டால் அன்றைய பிழைப்பும் நின்றுபோகும். அந்தப் பயம் நியாயமானது. அதை மனதில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஆனால், நன்றாக ஓடுகிறது என்பது ஓட்டை இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. லினக்ஸில் நிர்வாகி வேலைகளைச் செய்ய நாம் தினமும் அடிக்கும் சுடோ புரோகிராமில் 2011 ஜூலையில் ஒரு பிழை நுழைந்தது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னது 2021 ஜனவரி 26 அன்று. உலகம் முழுக்க ஓட்டைகளுக்குத் தரப்படும் அடையாள எண்களில் அதற்குக் கிடைத்தது சிவிஇ-2021-3156. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் அந்த ஓட்டை வழியாக முழு நிர்வாகியாகிவிடலாம். ஏறத்தாழ பத்து வருடமும் சுடோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திறந்த மூல மென்பொருளில் திருத்தமும் திறந்தே வருகிறது. எந்த வரி மாறியது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாறிய வரியை வைத்து ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஆகவே திருத்தம் வெளியான நாளிலிருந்து, அதைப் போடாத கணினியின் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. திருத்தம் டிஸ்க்கில் இறங்கியதோடு வேலை முடிந்துவிடவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள் அது போய்ச் சேர்ந்தால்தான் ஓட்டை அடைபடும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அதனால் படி 6 சற்று நீளமாக இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

டெபியன், உபுண்டு, அவற்றின் வழிவந்த லினக்ஸ்களுக்கு மட்டுமே இது பொருந்தும். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். இன்னொருவருக்குப் போனில் சொல்லிக்கொடுக்க இதுவே வசதி. டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

படி 1: உங்கள் கணினிக்கு இன்னும் திருத்தம் வருகிறதா?

கேட் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ்

இதை அடித்தால் எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று தெரியும். மற்ற எதையும் விட இதை முதலில் பாருங்கள். ஆதரவுக் காலம் முடிந்த பதிப்பில் அப்டேட் கட்டளை கொடுத்தால் “எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது” என்றே பதில் வரக்கூடும். புதிதாகத் திருத்தம் எதுவும் வரவில்லை என்பதுதான் அதன் உண்மையான பொருள்.

டெபியன் 12 2023 ஜூனில் வந்தது. முதல் மூன்று வருடம் டெபியனின் பாதுகாப்புக் குழுவும், அடுத்த இரண்டு வருடம் நீண்டகால ஆதரவுக் குழுவும் பார்த்துக்கொள்ளும். டெபியன் 13 2025 ஆகஸ்டில் வந்தது. டெபியன் 10க்கான நீண்டகால ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது. உபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து வருடம். 20.04க்கு 2025 மே மாதத்தோடு முடிந்தது. 22.04க்கு 2027 வரை, 24.04க்கு 2029 வரை உண்டு. உபுண்டு ப்ரோ என்ற சேவையில் பதிவு செய்தால் பத்து வருடம் வரை நீளும். சொந்த உபயோகத்துக்கு ஐந்து கணினிகள் வரை இது இலவசம். இந்தச் சலுகை இருப்பதே தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் இன்னொரு வகை உண்டு. பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த பழைய மடிக்கணினி. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. அன்று போட்ட பதிப்பே இன்னும் கிடந்தால் அதை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டுப் படங்களையும் கோப்புகளையும் வேறு இடத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, புது டெபியன் போடுவதே நல்லது. அதற்கு முன் எல்எஸ்சிபியு என்று அடித்து, புராசசர் 64 பிட் தாங்குமா என்று பாருங்கள். 32 பிட் மட்டும்தான் என்றால் டெபியன் 12தான் கடைசி. டெபியன் 13இல் 32 பிட் இன்டல் கணினிகளுக்கான இன்ஸ்டாலரும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் நிறுத்தப்பட்டுவிட்டன.

படி 2: திருத்தம் வரும் வழி திறந்திருக்கிறதா?

பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள், எங்கிருந்து வர வேண்டும் என்ற பட்டியல் /இடிசி/ஆப்ட் என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. பழைய கணினிகளில் சோர்சஸ்.லிஸ்ட் என்ற ஒரே கோப்பு. புதியவற்றில் சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டருக்குள் டெபியன்.சோர்சஸ் அல்லது உபுண்டு.சோர்சஸ். அதில் பதிப்பின் பெயரோடு “-செக்யூரிட்டி” என்று முடியும் ஒரு சொல் இருந்தே ஆக வேண்டும். டெபியன் 12 என்றால் புக்வோர்ம்-செக்யூரிட்டி, உபுண்டு 24.04 என்றால் நோபிள்-செக்யூரிட்டி.

இங்கே ஒரு பழைய பொறி இருக்கிறது. டெபியன் 10 வரை அந்த வரி “பஸ்டர்/அப்டேட்ஸ்” என்று இருந்தது. டெபியன் 11இலிருந்து “புல்ஸ்ஐ-செக்யூரிட்டி” என்று வடிவமே மாறியது. பதிப்பை உயர்த்தும்போது பஸ்டர் என்ற பெயரை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டால், பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தக் கணினிக்கு வராது. பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட், அப்டேட்டின்போது பிழை காட்டும். மற்ற பேக்கேஜ்கள் வழக்கம்போல வந்துகொண்டிருப்பதால் அந்தப் பிழையைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

வெளியாட்களின் களஞ்சியங்களும், கையால் இறக்கிப் போட்ட டெப் கோப்புகளும் இந்த வழிக்குள் அடங்காது. அவற்றை டெபியன் குழுவோ உபுண்டு குழுவோ பார்ப்பதில்லை. என்னென்ன அப்படி இருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

பிறகு கடிகாரம். சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும், ஆனால் பழைய கணினிகளில் இது பெரிய தொல்லை. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி எங்கோ பின்னால் போய்விடும். அப்போது ஆப்ட், “இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை” என்ற பொருளில் பிழை காட்டி அப்டேட்டை மறுக்கும். மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியப் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பமும் காலாவதித் தேதியும் உண்டு. யாரோ ஒருவர் பழைய பட்டியலையே மறுபடி மறுபடி காட்டி, திருத்தமே வரவில்லை என்று உங்களை நம்பவைக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. டைம்டேட்சிடிஎல் என்று அடித்து நேரத்தைச் சரிபாருங்கள். பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

கையொப்பம் பற்றிப் பிழை வந்தால், “கையொப்பத்தைப் பார்க்காதே” என்று சொல்லும் குறுக்குவழிகளை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். எந்த மிரரிலிருந்து (நகல் சர்வரிலிருந்து) வந்தாலும், எந்த ஹாட்ஸ்பாட் வழியாக வந்தாலும், நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று உறுதி சொல்வது அந்தக் கையொப்பம் ஒன்றுதான்.

படி 3: போடுவதற்கு முன் படியுங்கள்

சுடோ ஆப்ட் அப்டேட்
ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்

முதல் கட்டளை பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். எதையும் மாற்றாது. இரண்டாவது, எந்தெந்த பேக்கேஜுக்குப் புதுப் பதிப்பு காத்திருக்கிறது என்று காட்டும். அதில் செக்யூரிட்டி என்ற சொல் உள்ள வரிகளை முதலில் பாருங்கள். ஒரு பேக்கேஜில் என்ன மாறியது என்று அறிய ஆப்ட் சேஞ்ச்லாக் என்று அடித்து அதன் பெயரைக் கொடுத்தால் போதும்.

டெபியனின் பாதுகாப்பு அறிவிப்புக்கு டிஎஸ்ஏ எண், உபுண்டுவின் அறிவிப்புக்கு யுஎஸ்என் எண். உலகம் முழுக்க ஓர் ஓட்டைக்கு ஒரே அடையாளமாக இருப்பது சிவிஇ எண். 1999 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. இந்தியாவில் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளிலும் சிவிஇ எண்ணே வரும். அறிவிப்பில் மூன்றைத் தேடுங்கள்: பேக்கேஜின் பெயர், சிவிஇ எண், எந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டது. மூன்றாவதுதான் பலரைக் குழப்புவது. கொஞ்சம் விளக்குகிறேன்.

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியே வந்தது, எண் சிவிஇ-2014-0160. அது இருந்தது, இணைய இணைப்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில். ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் அதை 1.0.1ஜி பதிப்பில் சரிசெய்தது. டெபியன் 7 வைத்திருந்தவர்களுக்கோ 1.0.1இ-2+டெப்7யு5 என்ற பதிப்பு வந்தது. “1.0.1இ” ஓட்டையுள்ள பதிப்பாயிற்றே என்று பதறத் தோன்றும். பதற வேண்டியதில்லை. படகில் ஒரு பலகை இற்றுப்போனால் அந்தப் பலகையைத்தான் மாற்றுவோம், புதுப் படகு வாங்க மாட்டோம். டெபியனும் உபுண்டுவும் செய்வது அதுதான். பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டை இருந்த வரிகளை மட்டும் மாற்றுகிறார்கள். மாற்றியதற்கான அடையாளம், வால்போல ஒட்டியிருக்கும் “டெப்7யு5” என்ற பகுதியில் இருக்கிறது. முதலில் வரும் எண்ணை மட்டும் பார்த்து, உங்கள் கணினியில் ஓட்டை இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லும் ஸ்கேனர்களை அப்படியே நம்பாதீர்கள். டெபியனின் பாதுகாப்புத் தடங்காட்டி (செக்யூரிட்டி டிராக்கர்) இணையதளத்தில் சிவிஇ எண்ணைப் போட்டுப் பார்த்தால், உங்கள் பதிப்புக்கு எந்த வால் உள்ள எண் பாதுகாப்பானது என்று தெளிவாக இருக்கும்.

இந்த முறையின் பலன் என்ன? உங்கள் பில்லிங் புரோகிராம் எதிர்பார்க்கும் நடத்தை மாறாது. “அப்டேட் போட்டால் எல்லாம் குலைந்துவிடும்” என்ற பயத்துக்கு இதுவே என் பதில். நிலையான பதிப்பில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் போடுவதும், மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றுவதும் வெவ்வேறு வேலைகள்.

எப்போதும் புத்தம்புதிதை ஓட்டுவது பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்வாசல் வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளிப்படுத்தினார். தூரத்திலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தை விட அரை விநாடி கூடுதலாக ஆனதைத் துருவிப்போய்க் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது வந்துவிட்டது. நிலையான பதிப்புக்குள் வரவில்லை. அதே ஆண்டு ஜூலை 1 அன்று ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரில் சிவிஇ-2024-6387 வெளியானது. டெபியன் 12 அதில் மாட்டியது. அதைவிடப் பழைய டெபியன் 11 மாட்டவில்லை, ஏனென்றால் பிழை நுழைந்தது அதற்குப் பிந்தைய ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பதிப்பில். பழசு, புதுசு என்று பார்த்து முடிவெடுக்காமல் அறிவிப்பைப் படித்து முடிவெடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எதை முதலில் போடுவது? ஓட்டைக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் தருவார்கள். 9 அல்லது அதற்கு மேல் என்றால் மிகக் கடுமை. அந்த எண் ஓட்டையைப் பற்றியது. உங்கள் கடையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சுடோ எஸ்எஸ் -டிஎல்என்பி என்று அடித்தால் வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காத்திருக்கும் புரோகிராம்கள் எவை என்று தெரியும். எஸ்எஸ்ஹெச், அப்பாச்சி (வெப் சர்வர்), சாம்பா (கோப்புப் பகிர்வு) போன்றவை அதில் இருந்தால் அவற்றின் திருத்தத்தை அன்றே போடுங்கள். அடுத்தது பிரவுசர். கெர்னல், சுடோ, போல்கிட் (அனுமதி கொடுக்கும் புரோகிராம்) போன்றவற்றின் ஓட்டைகள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அதிகாரத்தைக் கூட்டிக்கொள்ள உதவுபவை. ஒருவர் மட்டும் தொடும் கணக்குக் கணினியில் அவற்றுக்கு ஓரிரு நாள் பொறுக்கலாம். பலர் வந்து உட்காரும் பிரவுசிங் சென்டரிலோ பள்ளி லேபிலோ பொறுக்கவே கூடாது.

படி 4: கரண்டையும் இடத்தையும் பாருங்கள்

திருத்தம் இறங்கும்போது கரண்ட் போனால் பாதகமில்லை. பாதி இறங்கியது அப்படியே இருக்கும், அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். நிறுவிக்கொண்டிருக்கும்போது போனால்தான் சிக்கல். எனவே இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

சுடோ ஆப்ட் அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி

இரவில் சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் இதைப் போட்டு, எல்லாவற்றையும் இறக்கி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கரண்ட் நிலையாக இருக்கும்போது நிறுவுங்கள். நிறுவுவதற்கு நெட் தேவையில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளிலும், ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளிலும் நிறுவ வேண்டாம். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் அவசியம். உப்புக்காற்றில் யுபிஎஸ் பேட்டரியின் முனைகள் பூத்துப்போயிருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

டிஎஃப் -ஹெச் என்று அடித்து இடம் இருக்கிறதா என்று பாருங்கள். /பூட் தனிப் பிரிவாக இருந்தால் பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிரம்பியிருக்கும், புதுக் கெர்னல் பாதியில் நிற்கும். சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் தேவையற்ற கெர்னல்களை நீக்கிவிடும். கணக்குக் கோப்புகளின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துவையுங்கள். தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்கிறீர்கள் என்றால் டிமக்ஸுக்குள் போய்ச் செய்யுங்கள். லைன் அறுந்தாலும் வேலை தொடரும்.

இவ்வளவும் செய்து நடுவில் கரண்ட் போய்விட்டதா? கலங்க வேண்டாம். கணினியை மறுபடி போட்டு இவற்றை வரிசையாகக் கொடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

படி 5: நிறுவுதல்

சுடோ ஆப்ட் அப்கிரேட்

சில பேக்கேஜ்கள் தடுத்து நிறுத்தப்பட்டதாகச் செய்தி வரலாம். உபுண்டுவில் சாதாரண அப்டேட்களைச் சிறிது சிறிதாக எல்லாருக்கும் விடுவார்கள், அதனால் நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அந்தத் தாமதம் கிடையாது. ஏற்கெனவே உள்ள ஒரு பேக்கேஜை நீக்க வேண்டியிருந்து நின்றிருந்தால் சுடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் போட வேண்டும். அது சிலவற்றை நீக்கவும் கூடும். நீக்கப்போகும் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கைவைத்த அமைப்புக் கோப்புக்குப் புது வடிவம் வந்திருந்தால், எதை வைத்துக்கொள்வது என்று நடுவில் கேட்கும். ‘டி’ எழுத்தை அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். வெறுமனே என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும், புதியது பக்கத்தில் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும்.

படி 6: ஓடுவதை நிறுத்தி மறுபடி ஓட்டுதல்

ஒரு புரோகிராம் தொடங்கும்போது தனக்கு வேண்டிய லைப்ரரியை (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பை) நினைவகத்துக்குள் ஏற்றிக்கொள்கிறது. பிறகு டிஸ்க்கில் உள்ள லைப்ரரியை நீங்கள் மாற்றினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதாவது அப்டேட் வெற்றி என்று திரையில் வந்த பிறகும், வெளியுலகத்தோடு பேசிக்கொண்டிருப்பது ஓட்டையுள்ள பழைய நிரல்தான். மாதக்கணக்கில் அணைக்காத சர்வரில் அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

ஹார்ட்பிளீட் நேரத்தில் டெபியன் குழு முதல் திருத்தத்துக்குப் பின் டெப்7யு6 என்று இன்னொரு பதிப்பையும் வெளியிட்டது. எந்தெந்த சர்வீஸ்கள் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பிடித்திருக்கக்கூடும் என்று பார்த்து, அவற்றை மறுபடி தொடங்கச் சொல்லிக் கேட்பதுதான் அதன் வேலை. திருத்தம் உண்மையில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு தனி வெளியீடு!

இதற்கென்றே நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இருக்கிறது. ஒருமுறை நிறுவிவிடுங்கள்.

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் நீட்ரீஸ்டார்ட்
சுடோ நீட்ரீஸ்டார்ட்

எந்த சர்வீஸ் பழைய லைப்ரரியோடு ஓடுகிறது, கெர்னல் பழையதா என்று அது சொல்லும். சர்வீஸ் என்றால் அதை மட்டும் மறுபடி தொடங்கினால் போதும். கெர்னல் என்றால் கணினியையே ரீபூட் செய்ய வேண்டும். யுநேம் -ஆர் இப்போது ஓடும் கெர்னலைக் காட்டும். உபுண்டுவில் /வார்/ரன்/ரீபூட்-ரெக்வயர்ட் என்ற கோப்பு இருந்தால் ரீபூட் பாக்கி இருக்கிறது என்று பொருள். பிரவுசரையும் முழுக்க மூடித் திறங்கள். டேப்களை மட்டும் மூடுவது கணக்கில் சேராது.

ரீபூட் நேரத்தைக் கடைக்காரரோடு பேசி முடிவு செய்யுங்கள். படகுகள் கரைக்கு வந்து ஏலமும் எடையும் நடக்கும் நேரத்தில் கணினியைத் தொட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அது முடிந்து கடை ஓய்ந்த பிறகு ஐந்து நிமிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

ஒரு சில ஓட்டைகளுக்கு ரீபூட்டும் போதாது. ஹார்ட்பிளீட் வழியாகச் சர்வரின் ரகசியச் சாவி கசிந்திருக்க வாய்ப்பு இருந்ததால் சாவி, சான்றிதழ், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அறிவிப்பின் கடைசிப் பத்தி வரை படித்தால் அப்படி ஏதும் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

படி 7: தானாக நடக்க விடுதல், ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் சிக்கல்

தினமும் யாரும் கட்டளை அடித்துக்கொண்டிருக்க முடியாது. அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போடும். உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கும். டெபியனில் இல்லையென்றால்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்
சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்

கடைக் கணினி இரவில் அணைந்திருந்தாலும் கவலையில்லை. தவறிய வேலையை மறுபடி போட்டதும் செய்யும். தானாக ரீபூட் செய்யும் வசதியும் அமைப்புக் கோப்பில் உண்டு. இரவெல்லாம் ஓடும் சர்வருக்கு அதை இரவு 2 மணிக்கு வைக்கலாம். கடைக் கணினியில் அதை அணைத்தே வையுங்கள்.

நம் பக்கத்தில் பல கடைகளில் பிராட்பேண்ட் கிடையாது, முதலாளியின் ஆண்ட்ராய்ட் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் கணினி ஓடுகிறது. ஆண்ட்ராய்ட் ஹாட்ஸ்பாட் என்றால் அளவுக்குட்பட்ட டேட்டா என்று நெட்வொர்க் மேனேஜர் தானாகவே முடிவு செய்துகொள்ளும். அத்தகைய இணைப்பில் அப்டேட் போடாதே என்பதுதான் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸின் இயல்பு அமைப்பு. ஆகவே அந்தக் கணினி ஹாட்ஸ்பாட்டை மட்டுமே நம்பியிருந்தால் தானியங்கித் திருத்தம் எதுவும் நடக்காது, திரையில் எச்சரிக்கையும் வராது. உரிமையாளர் எல்லாம் தானாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். /வார்/லாக்/அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஃபோல்டரில் உள்ள பதிவைத் திறந்து கடைசித் தேதியையும் செய்தியையும் பாருங்கள். தவிர்த்திருந்தால், நெட்வொர்க் அமைப்பில் அந்த இணைப்பை அளவற்றது என்று மாற்றலாம். அல்லது வாரம் ஒருநாள் படி 4இல் சொன்ன முறையில் கையால் செய்யலாம். டேட்டா குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது.

படி 8: பல கணினிகள், குறைந்த நெட்

ஒரே லேபில் இருபது கணினி இருந்தால் ஒரே திருத்தத்தை இருபது முறை இறக்க வேண்டாம். ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போடுங்கள். மற்றவற்றில் ஆப்ட் அமைப்பில் பிராக்ஸியாக அந்தக் கணினியின் முகவரியையும் 3142 என்ற போர்ட்டையும் ஒரு வரியில் கொடுங்கள். முதல் கணினி இறக்கியதையே மற்றவை உள்ளூர் வயரில் எடுத்துக்கொள்ளும்.

நெட்டே இல்லாத கணினிக்கு ஆப்ட்-ஆஃப்லைன். நெட் இல்லாத கணினியில் “செட்” கட்டளையால் என்ன தேவை என்று ஒரு கோப்பு உருவாக்குங்கள். பென்டிரைவில் அதைக் கொண்டுபோய், நெட் உள்ள இடத்தில் “கெட்” கட்டளையால் பேக்கேஜ்களை ஒரு ஜிப் கோப்பாக இறக்குங்கள். திரும்பி வந்து “இன்ஸ்டால்” கட்டளையால் ஏற்றிவிட்டு, வழக்கம்போல ஆப்ட் அப்கிரேட் கொடுங்கள். நெட் இல்லாத கணினிக்கு ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். பென்டிரைவ் அதற்குள்ளும் போய்வருகிறதல்லவா?

படி 9: போட்டது போய்ச் சேர்ந்ததா?

டிபிகேஜி -எல் என்று அடித்துப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் இப்போதுள்ள பதிப்பைக் காட்டும். வால் எண்ணை அறிவிப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். டெபியனில் டெப்செக்கன் என்ற கருவி, உங்கள் கணினியில் உள்ள பேக்கேஜ்களின் அறியப்பட்ட ஓட்டைகளைப் பட்டியலிடும். இன்னும் திருத்தமே வராதவையும் அதில் இருக்கும்.

ஒரு நீளநோட்டில் தேதி, கணினி, என்ன போட்டது, ரீபூட் ஆயிற்றா என்று நான்கே கட்டம் போட்டு எழுதுங்கள். கடையில் வேலை பார்க்கும் பையன் மாறிப்போனாலும் அடுத்தவருக்கு அது வழி சொல்லும்.

ஆப்ட் தொடாதவற்றையும் அதே நோட்டில் சேருங்கள். ஸ்னாப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஃபிளாட்பேக், பிப் வழியாகப் போட்டவை, டாக்கர் இமேஜ்கள், கையால் வைத்த வேர்ட்பிரஸ், ரவுட்டரின் ஃபர்ம்வேர் ஆகியவற்றை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும். 2021 டிசம்பரில் வந்த லாக்4ஷெல் ஓட்டை பல இடங்களில் தப்பிப் பிழைத்தது, ஓட்டை இருந்த லாக்4ஜே லைப்ரரி பிற மென்பொருள்களுக்குள் பொதிந்து கிடந்ததால்தான்.

படி 10: பதிப்பையே உயர்த்துதல்

டெபியன் 12இலிருந்து 13க்குப் போவது போன்ற வேலைக்கு ஒரு முழு நாளும் நிதானமும் வேண்டும். கடல் சார்ந்த கடைகளுக்கு இதற்கென்றே ஒரு காலம் அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் அந்த நாட்களில் கணக்கு வேலை குறைவு. அப்போது நகல் எடுத்து, வெளியாட்கள் களஞ்சியங்களை நிறுத்திவைத்து, வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும். வந்த உடனே தாவ வேண்டாம். அடுத்த வருடத் தடைக்காலத்தில் உயர்த்தினாலும் பழைய பதிப்பின் ஆதரவு மிச்சமிருக்கும்.

ஏதாவது கெட்டுப்போனால்

ரீபூட்டுக்குப் பின் திரை வரவில்லை, வைஃபை பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் புதுக் கெர்னல்தான் காரணம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் “அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்” பகுதிக்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது இன்னும் அங்கேயே இருக்கும். அன்றைய வேலையை அதில் ஓட்டிவிட்டு, அடுத்த கெர்னல் திருத்தம் வந்ததும் மறுபடி முயலுங்கள்.

வேறு பேக்கேஜ் ஒன்று தொல்லை கொடுத்தால், ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையில் பெயருக்குப் பின் சமக்குறி போட்டுப் பழைய பதிப்பு எண்ணைக் கொடுத்துத் திரும்பலாம். அது மறுபடி உயராமல் இருக்க சுடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட். இப்படி நிறுத்திவைத்த பேக்கேஜுக்கு அதன் பிறகு எந்தப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. எனவே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒவ்வொரு முறை அப்டேட் போடும்போதும் ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் என்று அடித்துப் பாருங்கள். பட்டியலில் ஏதாவது இருந்தால், அதன் சேஞ்ச்லாக்கில் உங்கள் தொல்லைக்குத் தீர்வு வந்துவிட்டதா என்று பார்த்து, வந்திருந்தால் அன்றே ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட் கொடுத்து விடுவித்துவிடுங்கள்.